கட்டில் கம்பியில் தட்டுகிறவர்

என் தங்கச்சியின் உயிர் அன்றைக்கு என்ன விலைக்குப் போயிற்று என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்வேன். அரை அங்குலப் பித்தளை வால்வு ஒன்றின் விலை. என் கடையில் அதைக் கூடையில் கொட்டி வைத்திருக்கிறேன். வாங்க வருகிறவர்கள் அதற்கும் பேரம் பேசுவார்கள்.

நான் பம்பு, மோட்டார், பைப்பு விற்கிறவன். அப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் கல்லாப்பெட்டியில் சாய்ந்தே வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் குழந்தை முதலில் பேசும் வார்த்தை ‘அம்மா’ இல்லை, ‘கட்டுப்படியாகாது’. அதனால் ஒருவன் எதில் மிச்சம் பிடித்தாலும் எனக்குக் கோபம் வராது. கெட்டிக்காரன் என்று மனதுக்குள் ஒரு சலாம் போடுவேன். அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்குப் போகும்வரை அப்படித்தான் இருந்தேன்.

தங்கச்சிக்குச் சிறுநீரகக் கல். கல்லுக்குப் பின்னால் சீழ். சீழிலிருந்து விஷம் ரத்தத்தில் இறங்கிவிட்டது. காலையில் கடையில் உட்கார்ந்து, “அண்ணா, அந்த ஆளுக்கு இனிமே கடன் குடுத்தே, உன்னையும் சேர்த்து ஷட்டருக்கு வெளிய நிறுத்திடுவேன்” என்று மிரட்டியவள், மதியத்துக்குள் பேச்சுக் குழறி, கண் செருகி, ஸ்ட்ரெச்சரில் போனாள். கல்லைத் தாண்டிக் குழாய் வைத்துச் சீழை வடித்தார்கள். “அடைப்பு எடுத்தாச்சு. இனி பிரஷர் நிக்கணும். அதுதான் விஷயம்” என்றார்கள்.

தீவிர சிகிச்சை வார்டின் கதவைத் தள்ளினேன். ஸ்பிரிட் வாடையும், அதற்கு அடியில் ஈரத் துணி நாள்பட்டு மக்கியதுபோல் வேறொரு வாடையும் வந்தன. ஜன்னல் கிடையாது. இருந்த ஒரே ஜன்னலையும் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை, வெள்ளை விளக்கு மட்டும்தான். அடைத்த ஜன்னலுக்குக் கீழே, மூலையில், அவள் கட்டில்.

கட்டிலின் வலது பக்கக் கம்பியில் ஒரே ஓர் இடத்தில் பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. யாரோ அந்த இடத்தை மட்டும் பல நாள் தேய்த்தது போல. அதன்மேல் பஞ்சுத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். கட்டு அவிழ்ந்து தொங்கியது.

வார்டில் இருந்த சின்ன டாக்டர் நல்ல பையன். நான் என்ன தொழில் என்று கேட்டுவிட்டு, என் பாஷையிலேயே சொன்னார்.

“பம்பு ஓடுது. தண்ணியும் வேணும்கிற அளவு ஊத்திட்டோம். ஆனா பைப்பெல்லாம் தொளதொளன்னு விரிஞ்சு போச்சு. பிரஷர் எங்க நிக்கும், சொல்லுங்க?”

“பைப்பை இறுக்கணும்.”

“அதுக்குத்தான் இந்த மருந்து. நார்அட்ரினலின். ரத்தக் குழாயை நெருக்கிப் பிடிக்கும். நம்ம உடம்புலயே ஊறுற சரக்குதான். பயந்தா முகம் வெளுத்து, கை சில்லுன்னு ஆகி, நெஞ்சு அடிச்சுக்குதில்ல? அந்தக் குடும்பம்.”

“எவ்வளவு நேரம் பிடிக்கும்?”

“உள்ள போயிட்டே இருக்கிற வரைக்கும். நின்னுச்சுன்னா ரெண்டு மூணு நிமிஷம். அப்புறம் கையை விட்டுடும்.”

தங்கச்சியின் விரல்களைத் தொட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போல் இருந்தன. “இது ஏன் இப்படி?”

“மூளைக்கும் நெஞ்சுக்கும் போயாகணும்னா, கை கால்ல இருந்துதான் எடுக்கும். ரொம்ப அதிகமாப் போனா விரல் கருத்துப்போறதும் உண்டு.”

பெரிய கடை ஓடவேண்டும் என்பதற்காகக் கிளைக் கடைகளுக்கு ஷட்டர் போடுகிறார்கள். வியாபாரம் எனக்குப் புரிந்தது. பிடிக்கவில்லை.

மருந்து ஒரு பெரிய சிரிஞ்சில் இருந்தது. சிரிஞ்சை ஒரு சின்ன மெஷின் கவ்விப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிக்கொண்டே இருந்தது. தங்கச்சியின் கழுத்தில் போட்ட குழாய் வழியாக உள்ளே போயிற்று. மேலே மானிட்டரில் சிவப்புக் கோடு அலையலையாக ஓடியது. அதன் பக்கத்தில் தொண்ணூற்றிரண்டு என்று ஒரு எண். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த எண்தான் என் தங்கச்சி.

அப்போதுதான் முதல் தடவை கேட்டேன்.

டக்.

டக். டக்.

காய்ந்த விறகால் இரும்பில் மெதுவாகத் தட்டினால் வருகிற சத்தம். கட்டில் கம்பியிலிருந்து வந்தது. தங்கச்சியின் கைகள் இரண்டும் போர்வைக்குள் இருந்தன. என் கைகள் என் மடியில் இருந்தன.

வார்டின் மூத்த சிஸ்டர் அந்தக் கோடியிலிருந்து, ஏதோ கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்வது போல, “வரேன், வரேன். காதுல விழுந்துடுச்சு” என்றபடி ஓடி வந்தார். சிரிஞ்சைப் பார்த்தார். கடைசித் துளிகள். யூனிஃபார்ம் பையிலிருந்து ஏற்கெனவே மருந்து ஏற்றி வைத்த இன்னொரு சிரிஞ்சை எடுத்து, பக்கத்து மெஷினில் பொருத்தி, அது ஓட ஆரம்பித்த பிறகே பழையதைத் தீர விட்டார். எண் ஓர் இம்மி அசையவில்லை. அதற்கு அப்புறம்தான் பழைய மெஷினின் எச்சரிக்கை மணி அடித்தது.

“சிஸ்டர், யாருக்குப் பதில் சொன்னீங்க?”

“உங்களுக்குத்தான்.”

“நான் கூப்பிடவே இல்லையே.”

அவர் அவிழ்ந்த பஞ்சுத் துணியைத் திரும்பச் சுற்றினார். “பெரிய சத்தம் போடாதீங்க அண்ணே. இந்த சிரிஞ்சு நான் முன்னாடியே ரெடி பண்ணி வெச்சது மேனேஜருக்குத் தெரியக்கூடாது.”

மேனேஜரை அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘மிச்சம்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக இல்லை. அவர் போட்ட உத்தரவு இதுதான்: ஓடுகிற சிரிஞ்சு தீர்ந்து மணி அடித்த பிறகுதான் அடுத்ததை ஏற்ற வேண்டும். ஏனென்றால், முன்கூட்டியே ஏற்றி வைத்து, அதற்குள் நோயாளி தேறிவிட்டாலோ செத்துவிட்டாலோ அந்த சிரிஞ்சு வீண். அதோடு நிறுத்தவில்லை. குப்பிகள் வார்டில் இருந்தால் கை நீளும் என்று, எல்லாவற்றையும் கீழ்த்தள மருந்தகத்தில் பூட்டி வைத்தார்.

“மணி அடிச்சு, நான் கீழ ஓடி, மருந்து வாங்கி, மேல வந்து, ஏத்தி, மாட்டறதுக்குள்ள என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியுமில்ல?” என்றார் சிஸ்டர்.

ரெண்டு மூணு நிமிஷம். அப்புறம் கையை விட்டுடும்.

“அப்படி யாருக்காவது ஆச்சா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்தார்.

“இதே கட்டில்ல ஒருத்தர் இருந்தார். மரப் பட்டறை வெச்சிருந்தவர். வாயில குழாய் போட்டிருந்தோம், பேச முடியாது. ஆனா நல்ல நினைவு. பத்து விரலும் கருத்து, காஞ்சு, கட்டை மாதிரி ஆயிடுச்சு. அதுல வலி கூடக் கிடையாது. மெஷினையே பார்த்துக்கிட்டு இருப்பார். சிரிஞ்சு தீரப்போகுதுன்னா, மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே இந்தக் கம்பியில அந்த விரலால தட்டுவார். நான் ஓடி வருவேன்.”

“அப்புறம்?”

“ஒருநாள் மருந்தகத்துக்காரர் சாப்பிடப் போயிட்டார். சாவி மேனேஜர்கிட்ட. மேனேஜர் மீட்டிங்ல. கதவைத் தட்டாதன்னு வெளிய ஒரு ஆள். நான் கீழ நிக்கறேன். இவர் இங்க தட்டிக்கிட்டே இருந்திருக்கார். பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் கேட்டுருக்காங்க. நான் மேல வர்றப்போ தட்டல் நின்னு போச்சு.”

எனக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது.

பேய் என்றால் இருட்டில், ஊளையோடு வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் பார்த்தது மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் நடந்தது. மருந்தகத்துக்காரர் சாப்பிடப் போகிற நேரம் அதுதான்.

மறுநாள் மிச்சம் வார்டுக்குள் வந்தார். சுத்தமாகத் தேய்த்த சட்டை, சிரித்த முகம். சிஸ்டரின் பை புடைத்திருப்பதைப் பார்த்தார்.

“என்னம்மா அது?”

சிஸ்டர் பையைக் கையால் மூடினார். மிச்சம் கையை நீட்டி எடுத்தார். மருந்து ஏற்றிய சிரிஞ்சு, என் கடை வால்வு ஒன்றின் விலைதான் இருக்கும். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைக் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சிவிட்டார்.

“சார்!” என்றேன். “அது என் தங்கச்சியோட மருந்து.”

“உங்க நல்லதுக்குத்தான். வீணாகிற மருந்தும் உங்க பில்லுலதான் ஏறும்.” என் தோளைத் தட்டினார். “நீங்களும் வியாபாரி. உங்களுக்குச் சொல்லணுமா? எல்லாம் கட்டுப்படியாகணுமில்ல?”

அது எங்கள் வீட்டு வார்த்தை. மோட்டாருக்கும் பைப்புக்கும் நாங்கள் வைத்திருந்த வார்த்தை. அதை இந்த மனுஷன் என் தங்கச்சியின் கழுத்தில் கொண்டுவந்து மாட்டினான். அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு என்னிடம் ‘ர்’ கிடையாது.

அவன் போன கொஞ்ச நேரத்தில் கம்பி தட்டியது.

டக். டக். டக்.

சிஸ்டர் மணிக்குக் காத்திருக்கவில்லை. படியில் இறங்கி ஓடினார். சின்ன டாக்டர் வேறொரு கட்டிலில் ஒருவரின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். கையை எடுக்க முடியாது.

டக். டக். டக். டக்.

சிரிஞ்சு தீர்ந்தது. மணி அடித்தது. சிவப்பு அலை தாழ்ந்தது.

எழுபது.

“டாக்டர்!” என்று கத்தினேன்.

“சலைனைத் திறந்து விடுங்க! அந்தச் சக்கரத்தை மேல தள்ளுங்க! சிஸ்டர் வந்துடுவாங்க!”

தள்ளினேன். தண்ணீர் கொட்டியது. தொளதொளத்த பைப்பில் எவ்வளவு ஊற்றி என்ன?

ஐம்பத்தாறு.

தங்கச்சியின் உதடு சாம்பல் நிறமாயிற்று. கண் மேலே செருகியது.

நாற்பத்தெட்டு.

தட்டல் நின்றது.

சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. தட்டல் நின்றபோதுதான் அந்தப் பட்டறைக்காரர் போனார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னேன்:

“ஐயா, நிறுத்தாதீங்க. தட்டுங்க.”

தட்டவில்லை.

மக்கிய துணி வாடை மட்டும் முகத்துக்கு மிக அருகே வந்தது. யாரோ எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் புகுந்து குனிந்தது போல.

போர்வை தானாக விலகியது.

தங்கச்சியின் இடது முன்கையில் தோல் குழிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து பள்ளங்கள். யாரோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரி. பள்ளம் விழுந்த இடமெல்லாம் சுண்ணாம்பு போல் வெளுத்தது. அவள் கையில் இருந்த ஒவ்வொரு ரோமமும் நட்டுக்கொண்டு நின்றது.

அவள் கண் திறந்தது.

என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்தாள். அந்தக் கண்ணை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கருவிழி முழுக்க விரிந்து, ஓரத்தில் நூல் அளவு வெள்ளை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆக்ஸிஜன் முகமூடிக்குள் மூச்சு அடித்துக்கொண்டது.

அறுபது.

எண்பத்தைந்து.

நூற்றுப் பதினெட்டு.

மெஷினில் மருந்து இல்லை. குழாயில் மருந்து இல்லை. சிவப்பு அலை மட்டும் மலை மலையாக எழுந்தது. பயம். வெறும் பயம்தான் அவள் ரத்தக் குழாய்களை நெருக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

சிஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்து, புது சிரிஞ்சை மாட்டி, மெஷினை ஓடவிட்டார். அதன் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் கையிலிருந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

“அவர் இங்க இருந்தார்னா விடாமப் பிடிச்சுப்பார்னு தெரியும்,” என்று சிஸ்டர் முணுமுணுத்தார். அழுதுகொண்டிருந்தார்.

பின்னாலேயே மிச்சம் வந்தான். சிஸ்டர் சாவி கேட்டுக் கீழே போட்ட கூச்சலில்தான் அவன் அறையை விட்டு வந்து பூட்டைத் திறந்திருக்கவேண்டும். வந்தவன் தங்கச்சியைப் பார்க்கவில்லை. மானிட்டரில் ஏதோ பொத்தானை அழுத்தி, நடந்ததைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“டாக்டர், இங்க பாருங்க. மருந்து நின்ன பிறகும் பிரஷர் ஏறியிருக்கு! நூத்திப் பதினெட்டு! இந்தக் கட்டில்ல இதுக்கு முன்னாடியும் ரெண்டு பேருக்கு இப்படி ஆச்சுன்னு எனக்கு ரிப்போர்ட் வந்திருக்கு.”

சின்ன டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவனை வெறித்தார். “அது நல்லதில்ல சார். அது உடம்பு கடைசியாக் கத்துற கத்தல்.”

“காரணம் எதுவா வேணா இருக்கட்டும். பிரஷர் நிக்குதா, இல்லையா? இனிமே மருந்து அதிகம் இழுக்கிற கேஸை எல்லாம் இந்தக் கட்டில்ல போடுங்க. எவ்வளவு மிச்சமாகும் யோசிச்சுப் பாருங்க!”

எங்கள் பரம்பரையில் எத்தனையோ கஞ்சர்களைப் பார்த்திருக்கிறேன். செத்த மாட்டின் தோலுக்கு விலை பேசியவர்கள் உண்டு. இப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை. சட்டையைப் பிடித்தேன்.

“டேய், உயிரோட இருந்தப்போ அந்த மனுஷன் தட்டுனது உன் காதுல விழல. செத்த பிறகு அவர்கிட்ட ஓசியில வேலை வாங்கப் பாக்கிறியா?”

“கையை எடுங்க. படிச்ச இடம் இது. பேயாவது பூதமாவது!” என் பிடியை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தவன், விழாமல் இருக்கக் கட்டில் கம்பியைப் பிடித்தான். வலது பக்கம். பெயிண்ட் உரிந்த இடம்.

டக்.

அவன் உள்ளங்கைக்கு அடியில்.

சிரித்தான். கையை எடுக்கப் போனான். கை வரவில்லை.

“யாரு… யாரு பிடிக்கிறது?”

யாரும் பிடிக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஓர் அடி தள்ளி நின்றோம். அவன் இழுத்தான். கட்டில் கிறீச்சிட்டது, கை வரவில்லை. ஆள்காட்டி விரலும் அடுத்த இரண்டும் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தன. பிறகு நீலம். பிறகு கத்தரிக்காய் நிறம்.

“எடுங்க! யாராவது எடுங்க!”

சிஸ்டர் மெதுவாகச் சொன்னார். “கொஞ்சம் பொறுங்க சார். சாவி மீட்டிங்ல இருக்கு.”

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும். பிறகு விட்டது.

தங்கச்சி பிழைத்தாள். காலில் இரண்டு விரல் நுனி கருத்து உதிர்ந்தது. மருந்து தன் கூலியை எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி எனக்கு யார்மீதும் வருத்தம் இல்லை. நன்றாகப் பேச வந்தபின் ஒருநாள் கேட்டேன்.

“அன்னிக்கு என்னம்மா பார்த்தே?”

இடது முன்கையைத் தடவிக்கொண்டாள். “கறுப்புக் கை. மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு. முகம் கிட்ட வந்துச்சு. வாயில குழாய் தொங்குது, ஆனா பேச்சு கேட்டுச்சு.”

“என்ன பேச்சு?”

“‘போகாத. எடுத்துட்டு வர்றாங்க. போகாத.’ அதையே சொன்னார். ரொம்பப் பயமா இருந்துச்சு அண்ணா. ஆனா அவர் கோபம் என்மேல இல்ல.”

இப்போது அந்த வார்டில் குப்பிகள் வார்டிலேயே இருக்கின்றன. அடுத்த சிரிஞ்சு எப்போதும் தயாராக, எல்லோரும் பார்க்கும்படி, தட்டில் இருக்கிறது. உத்தரவை யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டியவன் அந்த மாடிக்கு ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

போன வாரம், நல்ல வெயிலில், என் கடைக்கு ஒருவன் வந்தான். வலது கையில் சுண்டு விரலை மட்டும் வெளியே விட்ட தோல் உறை. உறையில் மூன்று விரல்கள் காலியாகத் தொங்கின. முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, மிச்சம். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு சின்ன பம்பு வேண்டும் என்றான். விலை சொன்னேன்.

“அதிகமா இருக்கே. மிச்சமாகிற மாதிரி சொல்லுங்க.”

தங்கச்சி கல்லாவில் இருந்து தலையைத் தூக்கினாள். அவள் கை ரோமம் நட்டுக்கொண்டு நின்றது.

என் முதுகுக்குப் பின்னால், ஆள் யாரும் இல்லாத இடத்தில், அடுக்கி வைத்த இரும்புக் குழாய்களில் ஒன்று தட்டியது.

டக். டக். டக்.

அவன் முகம் ரத்தம் வற்றி வெளுத்தது. உறை போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டான். அதன் சுண்டு விரல், உறைக்கு வெளியே வெறுமனே இருந்த அந்த ஒற்றை விரல், என் கண் முன்னால் நுனியிலிருந்து வெளுத்தது. பம்பையும் வாங்கவில்லை, பேரமும் பேசவில்லை. ஓடினான்.

கணக்கை நேர் பண்ணாமல் கடையைப் பூட்டி எனக்குப் பழக்கம் இல்லை. அன்று பூட்டும்போது மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். மரப் பட்டறைக்காரரிடமிருந்து போனது பத்து. வந்தது மூன்று. நான்காவது வந்துகொண்டிருக்கிறது.

பாக்கி ஆறு.